இசைத்தட்டில் தங்கிய குரல்கள்

கிராமபோன் பெட்டியையும் அதன்பின் வந்த ரேடியோகிராமையும் பற்றிப் பேச்செழுந்தால் முதியவர்களின் முகம் மலர்வதைக் காணலாம். மெருகேற்றிய மரப்பெட்டி, மூடியைத் திறந்ததும் எழும் வாசம், முள் தட்டைத் தொட்டதும் கேட்கும் கரகரப்பு ஆகியவற்றையே அவர்கள் பெரிதும் நினைவுகூர்வர். ஆயினும் எந்தக் குரல் பிழைத்தது, எது மறைந்தது என்பதையும் அந்தத் தட்டுகளே முடிவு செய்தன. திருக்குர்ஆன் ஓதலின் ஒலிப்பதிவு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யேயின் முயற்சியால் 1906 முதல் 1909 வரை ஹிஜாஸில் ஓதலும் பாடல்களும் மெழுகு உருளைகளில் பதியப்பட்டன. அவை லைடன் பல்கலைக்கழகச் சேகரிப்பைச் சேர்ந்தவை.

இக்கருவி பரவியதும் உலமாக்களிடையே விவாதம் எழுந்தது. கேளிக்கைப் பாடல் ஒலிக்கும் பெட்டியில் இறைவசனம் ஒலிப்பது தகுமா? ஸஜ்தா வசனத்தைத் தட்டின் வழியே கேட்டவர் ஸஜ்தா செய்ய வேண்டுமா? எதிரொலியாகக் கேட்ட வசனத்திற்கு ஸஜ்தா கடமையில்லை என்னும் விதி ஹனஃபி நூல்களில் முன்னரே இருந்தது. புதிய கருவிக்குரிய விடையைப் பழைய எதிரொலியில் தேடிய அந்த நுட்பம் வியப்புக்குரியது. இவ்விவாதங்களை வெறும் புதுமை வெறுப்பென்று ஒதுக்குவோர் அவற்றை ஊன்றிப் படித்தவரல்லர்.

மார்க்கத் தயக்கத்தோடு காலத்தின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டின் பத்து அங்குலப் பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே தாங்கியது. (அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது.) மூச்சடக்கி, நிறுத்தி, அதே வசனத்தை மீண்டும் எடுத்து நீட்டி ஓதும் எகிப்திய மரபுக்கு மூன்று நிமிடம் எம்மாத்திரம்!

1934 மே 31 அன்று எகிப்திய வானொலி ஷைகு முஹம்மத் ரிஃப்அத்தின் ஓதலோடு தொடங்கியது. சிறுவயதிலேயே பார்வையிழந்தவர் அவர். வானொலியில் ஓதுவதற்கு முன் அல்அஸ்ஹரின் கருத்தைக் கேட்டறிந்தே இசைந்தார். அவர் ஓதியவை காற்றோடு போயிருக்கும். அவருடைய ஓதலில் பெரும் பற்றுக் கொண்ட ஜகரிய்யா மஹ்ரான் பாஷா, வானொலியில் வந்தவற்றைத் தட்டுகளில் பதிந்து வைத்தார். 1950இல் ரிஃப்அத் மறைந்த பின்னர் உலகம் கேட்டுவரும் ஓதலில் பெரும்பகுதி இவ்வாறு எஞ்சியதே. அதிலுள்ள இரைச்சலைக் குறையென்பார் உளர். அந்த இரைச்சலோடுதான் அக்குரல் நமக்கு வாய்த்திருக்கிறது.

1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுழற்சியில் இயங்கும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் பதிய முடிந்தது. முழுக் குர்ஆனையும் ஒலியில் தொகுக்க வேண்டுமென்ற திட்டத்தை லபீப் அஸ்ஸயீத் 1959இல் கெய்ரோவில் முன்வைத்தார். ஏட்டில் தொகுக்கப்பட்ட மறை ஒலியிலும் தொகுக்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ, ஹஃப்ஸ் வழி ஓதல்முறையில், இசைநயம் மிகுந்த முஜவ்வத் பாணியை விடுத்து நிதானமான முரத்தல் பாணியில் ஓதினார். அப்பதிவு 1961இல் நெடுந்தட்டுகளாக வெளிவந்தது. 1964 மார்ச்சில் கெய்ரோவில் தனியே தொடங்கப்பட்ட குர்ஆன் வானொலி இப்பதிவையே ஒலிபரப்பியது. ஆசிரியரின் முன்னமர்ந்து உதட்டசைவைக் கண்டு கற்கும் முறைக்கு இது மாற்றாகாது. தஜ்வீதில் ஐயம் எழும்போது ஒத்துப்பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்தது.

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் ரேடியோகிராமின் மேல் பெரிதும் சுழன்றவை நாகூர் இ.எம். ஹனிஃபாவின் தட்டுகள். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவர் திராவிட இயக்க மேடைகளிலும் பாடியவர். திருமணப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளில் அவர் குரல் கேட்காத ஊர் அரிது. அத்தட்டுகளின் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாடியவர் பெயரோடு பாடலை இயற்றியவர் பெயரும் இருக்கும். ஒலிநாடாவில் பிரதியெடுத்தபோதே பலவற்றில் இயற்றியவரின் பெயர் உதிர்ந்துவிட்டது. கணினிக் கோப்புகளிலோ சொல்லவே வேண்டாம். பரணிலிருக்கும் தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் எடை போடுவதற்கு முன், பாட இயலாதபடி கீறல் விழுந்தவற்றிலும் அந்த வட்டத்தாளை மட்டுமேனும் எவரேனும் படியெடுத்து வைத்தால், பல புலவர்களின் பெயர்கள் மீளும்.