சொர்க்கத்துக்குக் கூலி பாக்கி!

பழங்கால எகிப்தியர்களுக்கு மரணம் என்பது ஏறக்குறைய வீடு மாற்றுகிற சமாசாரம். போகிற இடத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

முதலில் உடம்பு. மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்துவிட்டு, 'நேட்ரான்' என்கிற உப்பில் உடலை உலர்த்தி, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். காரணம், மேலே ஒரு ஆடிட்டிங் இருக்கிறது! ஓசிரிஸ் தெய்வத்தின் சந்நிதியில் தராசின் ஒரு தட்டில் இதயம், இன்னொன்றில் சத்திய தேவதை மாஅத்தின் இறகு. பாவத்தால் இதயம் கனத்துவிட்டால், பக்கத்திலேயே காத்திருக்கும் முதலைத்தலை மிருகம் 'லபக்'கென்று விழுங்கிவிடும். அதோடு ஆள் காலி. மறு உலகம் கிடையாது.

மனுஷன் சும்மா இருப்பானா? எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்தைக் கெஞ்சும் மந்திரத்தை, கல்லில் செதுக்கிய வண்டின்மீது பொறித்து நெஞ்சில் வைத்துக்கொண்டான்! மந்திர ஏடுகளைப் பெயருக்கு மட்டும் இடம்விட்டு முன்கூட்டியே எழுதி வைத்து விற்றார்கள். மறு உலக வயலில் நமக்குப் பதில் உழைக்க பொம்மைகள் வேறு. பிற்காலத்தில் நாளைக்கு ஒன்றாக 365, மேய்க்க மேஸ்திரி பொம்மைகள் 36, ஆக மொத்தம் 401.

பொம்மைக்குக் கூலி தர வேண்டாம். கல்லறை வெட்டுகிற ஆளுக்கு?

மன்னர்களின் கல்லறைகளை உருவாக்கியவர்கள் டெய்ர் எல்-மதீனா கிராமத்துத் தொழிலாளர்கள். கூலி, தானியமாகத்தான். மூன்றாம் ராம்சேஸ் காலத்தில், கி.மு. 1157 வாக்கில், அது வந்து சேரவில்லை. பசி, தாகம், துணி இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று சொல்லிவிட்டு கருவிகளைப் போட்டார்கள்; கோயில்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் உலகின் முதல் வேலைநிறுத்தம் இதுதான்! மன்னரின் நித்திய வாழ்வு, ஒரு மூட்டை தானியம் இல்லாமல் பாதியில் நின்றது.

சுமார் ஐம்பது வருடம் கழித்து நிலைமை இன்னும் மோசம். அமென்பனூஃபர் என்ற கல்தச்சர் பிடிபட்டார். விசாரணையில் (அடி, உதையோடுதான்!) அவர் சொன்னது பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. எட்டுப் பேராகச் சேர்ந்து ஒரு பழைய மன்னர், ராணியின் கல்லறைக்குள் நுழைந்து, தங்கத்தை உரித்துக்கொண்டு பெட்டிகளுக்குத் தீ வைத்தார்களாம். பங்கு, தலைக்கு 20 டெபென். நம் கணக்கில் 1.8 கிலோ தங்கம். முன்பு ஒருமுறை மாட்டியபோது, அந்தப் பங்கை ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்து வெளியே வந்துவிட்டார். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து ஈடு கட்டினார்கள். மறுபடி பழைய தொழில்!

உடம்பு எரிந்தால் மறு உலகில் இடமில்லை என்பது இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தராசு, இறகு, முதலைத்தலை எல்லாமே தெரியும். ஆனால் அந்த விசாரணை செத்த பிறகு. பசியும் தங்கமும் இன்றைக்கே எதிரில் நிற்கிறதே!

பெயரை உச்சரிக்கும்வரை ஆள் உயிரோடு இருக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. எத்தனையோ பணக்காரர்கள் காசு கொட்டிப் பொறித்த பெயர்கள் மண்ணோடு போய்விட்டன. மூவாயிரம் வருடம் தாண்டி நாம் உச்சரித்துக்கொண்டிருப்பது ஒரு திருடரின் பெயரை. செலவு? ஒரு வாக்குமூலம்!