மாதா குளத்துப் பாலும் நடுத்திட்டு மோரும்

வேளாங்கண்ணித் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29இல் கொடியேற்றத்துடன் தொடங்கி, அன்னை பிறந்த நாளாகிய செப்டம்பர் 8இல் நிறைவுறுகிறது. 1962இல் பசிலிக்காவாக உயர்ந்த இத்திருத்தலத்தின் வரலாறு ஒரு குளக்கரையில் தொடங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் அன்னை தம் குழந்தைக்காகக் குளத்தருகே ஓர் ஏழைச் சிறுவனிடம் பால் கேட்டார் என்றும், பின்னர் நடுத்திட்டில் கால் ஊனமுற்ற சிறுவனிடம் மோர் கேட்டார் என்றும் மரபு கூறும்.

இதே காவிரி மண்ணில் பண்ணையார்கள் நம் முன்னோரைச் சவுக்கால் அடித்து, சாணம் கரைத்த நீரைச் 'சாணிப்பால்' எனப் புகட்டினர். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் உழவுத் தொழிலாளர் ஒன்றுபட்டு அக்கொடுமையை எதிர்த்துப் போராடினர்.

இளைஞர்களே! எளியவன் கைப்பாலை அன்னை கேட்டுப் பெற்ற கதையோடு, நம் முன்னோர் சாணிப்பாலை மறுத்து எழுந்த வரலாற்றையும் நாம் கற்போம். நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.