‘இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா?’: படைச்சேர்க்கைப் படிவத்தின் வரலாறு

புணே நகரின் வானவடியில் மகாத்ஜி சிந்தேயின் நினைவிடம் இருக்கிறது. சிந்தே சத்ரி என்று சொன்னால் ஆட்டோ ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். மராத்தியப் படைத்தலைவர்களுள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருக்கு நிகரானவர் இல்லை. 1761 ஜனவரி 14 அன்று பானிபட்டில் தோற்றுத் திரும்பும்போது காலில் பட்ட வெட்டுக்காயம் அவரை வாழ்நாள் முழுவதும் நொண்டியாக்கியது. ராணேகான் என்ற தண்ணீர் சுமப்பவர்தான் அவரைக் களத்திலிருந்து மீட்டார் என்பது மராத்தியர் மரபில் நிலைத்துவிட்ட செய்தி. அந்தக் காலோடுதான் அவர் பத்தாண்டுகள் கழித்து முகலாயப் பேரரசர் ஷா ஆலமை மீண்டும் தில்லி அரியணைக்குக் கொண்டுவந்தார்; ஆங்கிலேயரோடு பொருதினார்; சால்பாய் உடன்படிக்கைக்கு வழிசெய்தார். 1794 பிப்ரவரி 12 அன்று இதே வானவடியில் இறந்தார்.

அந்த நினைவிடத்திலிருந்து சற்றுத் தொலைவில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி. சி. ராய் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1948 மே 1 அன்று உருவான நிறுவனம். நம் படைகளின் மருத்துவர்கள் பலர் இங்கிருந்தே புறப்படுகிறார்கள். படைவீரர் ஒருவரின் உடல்தகுதியை இன்று ஐந்து கூறுகளாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள்: மனநிலை, செவி, கைகால்கள், பொது உடல்திறன், பார்வை. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘ஷேப்’ என்பார்கள். மகாத்ஜி இன்று அந்த வரிசையில் நின்றிருந்தால் மூன்றாம் கூற்றிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். மாலை நடையில் இவ்விரு வாசல்களையும் கடக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் விளையாட்டான நினைப்பு இது.

இப்போது இதை எழுதத் தூண்டியது விளையாட்டல்ல. சென்ற மாதம் தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்தார். விமானப்படையில் அதிகாரியாகச் சேர முயல்கிறவர். சிறுவயதில் தமக்கு ஓரிருமுறை வலிப்பு வந்ததாக வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறார். மருத்துவப் பரிசோதனையின்போது அதைச் சொல்வதா, விடுவதா என்பதே அவருடைய கேள்வி. “அம்மா சொல்ல வேண்டாம் என்கிறார், ஐயா. நீங்கள் இதன் வரலாற்றைப் படித்தவர்” என்றார். நான் மருத்துவனும் அல்லேன், வழக்கறிஞனும் அல்லேன். ஆனால் ‘இதன் வரலாறு’ என்று ஒன்று உண்டு என்பது உண்மை. அவருக்குச் சொல்லியதை விரித்து எழுதுகிறேன். பதிவு நீளும், பொறுத்தருள்க.

படையில் சேர வருபவன் பொய் சொல்வான் என்ற ஐயம் படைகளைப் போலவே பழமையானது. பிரித்தானியப் படையில் தப்பியோடியவனின் உடலில் ‘டி’ என்ற எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் 1871 வரை சட்டத்தில் இருந்தது. தண்டனை என்பதோடு அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. ஓடிப்போனவன் வேறு பெயரில் வேறொரு படைப்பிரிவில் சேர்ந்து, சேர்க்கைப் பணத்தை மறுபடியும் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓடுவதைத் தடுக்க வேண்டியிருந்தது. புதிதாக வருபவனின் சட்டையைக் கழற்றிப் பார்த்த மருத்துவர் நோயை மட்டும் தேடவில்லை. அந்த எழுத்தையும் தேடினார். உடற்பரிசோதனையும் குற்றப்பின்னணிச் சோதனையும் ஒரே அறையில், ஒரே கண்களால் நடந்தன. இன்று இரண்டும் வெவ்வேறு மேசைகளுக்குப் பிரிந்துவிட்டாலும் பிறப்பிடம் ஒன்றுதான்.

இந்தியாவில் இந்த ஐயம் வேறொரு வடிவம் எடுத்தது. கும்பினிப் படைகளின் விவரப்பட்டியல்களில் சிப்பாயின் பெயர், ஊர், சாதி, வயது, உயரம், உடல் அடையாளங்கள் ஆகியவை பதிவாயின. இவற்றுள் உயரம் ஒன்றைத்தான் அளந்து சரிபார்க்க முடிந்தது. வயதுக்குச் சான்றேது? பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது 1969இல்தான். அதற்கு முன் வயது என்பது மருத்துவரின் கண்மதிப்புக்கும் வந்தவனின் தேவைக்கும் இடையே நடந்த பேரம். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1877இல் வில்லியம் ஹெர்ஷல் ஓய்வூதியக்காரர்களிடம் விரல்ரேகை பெறத் தொடங்கினார். இறந்தவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்குவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. உலகம் முழுவதும் காவல்துறைகள் பின்னர்க் கைக்கொண்ட ஒரு முறை, ‘நீ சொல்வதை நம்பமாட்டேன்’ என்று இந்தியக் குடிமகனிடம் சொன்ன ஓர் அதிகாரியின் மேசையிலும் வளர்ந்தது என்பதை நம் வரலாற்று வகுப்புகளில் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

சாதி பற்றிய கேள்விக்கு வருவோம். வாய்மை பற்றிய விவாதம் உண்மையில் சிக்கலாகும் இடம் இதுவே.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போர்க்குணம் இழந்தவர்கள் என்ற கருத்தை உறுதியாகப் பற்றியவர். அவர் காலத்தில் ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாடு ஆட்சேர்ப்பின் அளவுகோலாயிற்று. சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் சுருங்கின. தமிழர்களில் பலருக்கு எஞ்சிய வாசல் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் பிரிவு. இதே புணே வட்டாரத்தில், 1818 கோரேகான் போரில் கும்பினிக்காகப் போரிட்ட மகர்களுக்கு 1892இல் படையின் கதவு மூடப்பட்டது. தாபோலியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து 1894இல் ஒரு விண்ணப்பத்தை உருவாக்கினார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜியும் படையில் பணியாற்றியவர் என்பதை நினைவில் கொண்டால், அந்த மூடல் எத்தனை குடும்பங்களின் கல்வியையும் ஏற்றத்தையும் ஒருசேர நிறுத்தியது என்பது புரியும். 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவு திரட்டப்பட்டு 1921இல் கலைக்கப்பட்டது. 1941இல் பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் உருவாகும் வரை நிலைமை அதுதான்.

அக்காலத்தில் ஆட்சேர்ப்பு அதிகாரியின் முன் நின்ற ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். நெஞ்சளவு சரி, பார்வை சரி, நோயில்லை, வழக்கில்லை. ‘என்ன சாதி?’ என்ற ஒரு கேள்விக்கு உண்மை சொன்னால் வெளியே. பொய் சொன்னால் உள்ளே. இந்தப் பொய்யை நாம் எந்தத் தராசில் நிறுப்பது? வாய்மை என்பது சொல்பவனின் கடமை மட்டும்தானா, கேட்பவனின் கேள்விக்கும் ஒரு தகுதி வேண்டாமா? ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. சாதிப்பெயரை மாற்றிச் சொன்னவனால் பக்கத்தில் நின்ற வீரனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. வலிப்பை மறைத்தவனால் இருக்கலாம். இதை மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விடுதலைக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் எலும்புக்கூட்டைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. அதன் 13ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. சட்டப்பிரிவைப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சேர்க்கை அதிகாரி பணி நிபந்தனைகளைப் படித்து விளக்க வேண்டும். படிவத்திலுள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். பொய்யான விடைக்குத் தண்டனை உண்டு என்று எச்சரிக்க வேண்டும். அதன் பிறகே விடையைப் பதிய வேண்டும். அதாவது எழுதுகோல் அதிகாரியின் கையில். எழுத்தறியாத மக்களிடம் ஆள் திரட்டிய காலத்தின் சாயல் அது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவனிடம் இந்துஸ்தானியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட விடை யாருடைய விடை? 44ஆம் பிரிவு ‘வேண்டுமென்றே’ சொன்ன பொய்க்கே தண்டனை என்று வரையறுத்ததன் பொருத்தம் இங்கே தெரியும். அந்தத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை வரை போகலாம். 15ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. மூன்று மாதம் ஊதியம் பெற்றுப் பட்டியலில் இருந்தவன், தன் சேர்க்கையில் குறை இருந்தது என்று காட்டி விடுவிப்புக் கோர முடியாது. தன் பொய்யைச் சொல்லி அவன் வெளியேற முடியாது. அதே பொய்யைச் சொல்லி அவனைத் தண்டிக்க மட்டும் முடியும்.

படிவம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: சிறையில் இருந்ததுண்டா, விசாரணையில் உள்ளாயா, உன்மீது நடுவரிடமோ காவல்துறையிடமோ புகார் உண்டா? தண்டனை மட்டுமல்ல, புகாரே போதும். வயல் வரப்புத் தகராற்றில் அண்ணன் தம்பி அனைவரையும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் சேர்த்துவிடும் ஊர்களிலிருந்து வரும் இளைஞர்களுக்கு இது எளிய கேள்வி அன்று. நீதிமன்றங்கள் இதில் நெடுநாள் தடுமாறின. 2011இல், தில்லிக் காவல்துறைப் பணிக்கு விண்ணப்பித்தபோது சமரசத்தில் முடிந்த ஒரு வழக்கைக் குறிப்பிடாத இளைஞருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விக்டர் ஹியூகோவின் கதைமாந்தர் ழான் வல்ழானை நினைவுகூர்ந்தது. ஒரு ரொட்டித் திருட்டு ஒருவனை வாழ்நாள் முழுவதும் துரத்த வேண்டுமா என்பது அங்கே எழுந்த கேள்வி. வேறு அமர்வுகள் அவ்வளவு இளகவில்லை. கடைசியில் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு நெறியை வகுத்தது. தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தல் கூடாது. ஆனால் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு குற்றமாயின், சொல்லியிருந்தால் பணிக்குத் தடையாகியிராத ஒன்றாயின், அதை மறைத்ததையும் பணி தருபவர் மன்னிக்கலாம். சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் பொதுவாகச் சிறார் பருவத்துத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பை நீக்கிவிடுகிறது.

அந்த ‘முழக்கமிட்டது’ என்ற எடுத்துக்காட்டு ஆறாண்டுகளில் உயிர்பெற்று வந்தது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் பல மாநிலங்களில் போராட்டமும் இரயில் எரிப்பும் நடந்தன. போராட்டத்திலோ தீவைப்பிலோ பங்கேற்கவில்லை என்று சேர வருவோர் உறுதிமொழி தர வேண்டும் என்று படைத்தரப்பு அறிவித்தது. தீவைத்தவனைத் தவிர்ப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தெருவோரம் நின்று குரல் கொடுத்தவனும் அதே தாளில் கையெழுத்திட வேண்டும் என்பதில் எனக்கு நெருடல் உண்டு.

இனி மாணவரின் கேள்வி. நோயை மறைத்தவர் பின்னாளில் என்ன ஆவார்? 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தரம்வீர் சிங் வழக்கு இங்கு மைல்கல். 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். ஒன்பதாண்டுகள் ஆவதற்குள் வலிப்புநோயால் விடுவிக்கப்பட்டார். நோய் பிறவிக்கூறு சார்ந்தது, பணியால் வந்ததன்று என்று கூறி ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேர்க்கையின்போது மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அன்று நோயைக் கண்டறிந்திருக்க முடியாது என்பதற்கு மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். ஐயத்தின் பலன் வீரனுக்கே என்றது நீதிமன்றம். மிக மனிதநேயமான தீர்ப்பு. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். வெறுமையாக விடப்பட்ட ஒரு குறிப்பின்மேல். வீரன் மறைக்காததால் வெறுமையாக இருந்தால் அது அவனுக்குக் கவசம். மறைத்ததால் வெறுமையாக இருந்து, ஊர் மருத்துவமனையின் பழைய சீட்டு ஒன்று எங்கிருந்தோ வெளிவந்தால், ஓய்வூதியம் போவதோடு 44ஆம் பிரிவும் காத்திருக்கும். உண்மையிலேயே நலமாகச் சேர்ந்து பணியில் நோயுற்றவர்களின் மீதும் அத்தகைய ஒவ்வொரு பொய்யும் ஐயத்தின் நிழலைப் போடுகிறது. ஓய்வூதிய வழக்குகளில் அரசுத்தரப்பு ‘முன்பே இருந்த நோய்’ என்று வாதிடும்போது அந்த நிழலிலிருந்தே வாதிடுகிறது.

இதோடு அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். விமானப்படைக்கான மருத்துவ நெறிமுறை தேர்வு அறிவிக்கையிலேயே அச்சாகி வருகிறது, படிப்பவர் குறைவு. வலிப்பு வரலாறு தகுதியிழப்புக்குக் காரணம்தான். ஆயினும் ஐந்து வயதுக்கு முன், காய்ச்சலின்போது வந்து, பின் நரம்புக் குறை எதுவும் விட்டுச்செல்லாத வலிப்பை அந்நெறிமுறை அப்படி அஞ்சத்தக்கதாகக் கொள்வதில்லை. அவ்தார் சிங் வழக்கில் நீதிமன்றம் சொன்னதற்கு இணையான ஓர் இடம் இங்கேயும் இருக்கிறது. நம் வீடுகள் மறைக்கச் சொல்பவற்றுள் ஒரு பகுதி, சொல்லியிருந்தால் தடையாகியிராதது.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, எத்தனை வயதில் வந்தது என்று வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தார். அம்மா மூன்று வயது என்கிறாராம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகுதான் என்று பாட்டி அடித்துச் சொல்கிறாராம். அன்று பார்த்த மருத்துவர் இப்போது உயிருடன் இல்லை. தகரப்பெட்டியில் பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கக்கூடும், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.