மூன்றாம் ரிச்சர்டு மன்னனுக்குக் கூன் இருந்ததா?



சென்ற தவணையில், ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிலும் பயிற்சி ஆசிரியர் மூவர் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தனர். ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்திலிருந்து சில காட்சிகளை அவர்கள் மேடையேற்ற வேண்டும். பயிற்சிக் காலத்தில் அதே வேடத்தில் நான் நடித்ததை யாரோ கூறியிருக்கிறார்கள். அரச வேடம் ஏற்கவிருந்த இளைஞர், "ஐயா, கூனன் மாதிரி எப்படி நடக்கணும்னு சொல்லிக் கொடுங்க," என்றார்.

எளிய கேள்விதான். இருபது ஆண்டுகளுக்கு முன்பென்றால் உடனே எழுந்து நடந்தே காட்டியிருப்பேன். இப்பொழுது என்னால் அது இயலவில்லை. "முதலில் அந்த மன்னனுக்குக் கூன் இருந்ததா என்று பார்ப்போம், உட்காருங்கள்," என்றேன். அன்று அவர்களிடம் கூறியவற்றையும் அதன்பின் ஒத்திகையில் கண்டவற்றையும் ஆசிரியர்களுடனும் பெற்றோர்களுடனும் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

நான் போட்ட வேடம்

2003ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரி நாடக விழாவில் எனக்கு ரிச்சர்டு வேடம் கிடைத்தது. சட்டைக்குள் ஒரு சிறு தலையணை, மடங்கிய இடக்கை, இழுத்து இழுத்து நடக்கும் ஒரு கால் ஆகியவையே என் தயாரிப்பு. 1955இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த திரைப்படத்தை ஒளிநாடாவில் பார்த்திருந்தேன். அது போதாதென்று, விடுமுறையில் தோட்டத்து வீட்டுக்குச் சென்றபோது உயிருள்ள ஒரு மாதிரியையும் கண்டுகொண்டேன்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தோளில் கம்பு வைத்து, இருபுறமும் பால் வாளிகளைச் சுமந்தே முதுமையடைந்தவர். முதுகு வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். அவர் நடையை மறைவிலிருந்து கவனித்து, வாசலில் நடந்து பழகினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தனர். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், அவர் வேலியோரம் நின்றுகொண்டிருக்கிறார். "என்ன தம்பி, என்னைய மாதிரியே நடக்குற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வழியாக வரவில்லை. கடைக்குச் செல்லச் சுற்றுவழியைப் பிடித்துக்கொண்டார்.

நாடகத்தில் எனக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பற்றி வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை.

ஏட்டில் வளர்ந்த உடல்

மூன்றாம் ரிச்சர்டு 1452இல் பிறந்தவர். 1483இல் இங்கிலாந்தின் மன்னரானார். இரண்டே ஆண்டுகளில், 1485 ஆகஸ்ட் 22ஆம் நாள் பாஸ்வொர்த் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 32. வென்றவர் ஹென்றி டியூடர். அவர் ஏழாம் ஹென்றியாக முடிசூடினார். இனி வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் டியூடர் மரபின் ஆட்சியில் வாழ்பவர்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜான் ரௌஸ் என்பவர், ரிச்சர்டு உயிரோடிருந்தபோது அவரை நல்லரசர் என்று போற்றி எழுதியவர். ஆட்சி மாறியதும் அவருடைய எழுத்தும் மாறியது. ரிச்சர்டு தாய் வயிற்றில் ஈராண்டுகள் இருந்து, பல்லும் தோள்வரை முடியும் முளைத்த நிலையில் பிறந்தார் என்று எழுதினார். அதே ரௌஸ், மன்னர் சிறிய உருவினர் என்றும், அவருடைய வலத்தோள் இடத்தோளை விட உயர்ந்திருந்தது என்றும் குறித்தார். இந்தத் தோள் செய்தியை மறந்துவிடாதீர்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

அடுத்தவர் சர் தாமஸ் மோர். ரிச்சர்டு இறந்தபோது அவருக்கு ஏழு வயது. சிறுவயதில் அவர் பணியாற்றியது ரிச்சர்டின் பகைவரான மோர்ட்டனின் இல்லத்தில். மோர் எழுதிய நூலில் ரிச்சர்டு கூன் முதுகர், உயர்ந்திருப்பதோ இடத்தோள்! சூம்பிய கையும் இந்நூலில் வருகிறது. ஒருவர் வலம் என்கிறார், மற்றவர் இடம் என்கிறார். இருவருக்கும் பின்னர் வந்தோர் இவற்றோடு மேலும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டனர்.

ஓவியமும் இதற்குத் தப்பவில்லை. அரச குடும்பச் சேகரிப்பிலுள்ள ரிச்சர்டின் உருவப்படத்தை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, வலத்தோள் பிற்காலத்தில் மேலே உயர்த்தி வரையப்பட்டிருப்பது தெரிந்தது. தூரிகையாலும் ஒருவர் முதுகை வளைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564இல். ஏறத்தாழ 1592–93இல் அவர் இந்நாடகத்தை எழுதியபோது அரியணையில் இருந்தவர் முதலாம் எலிசபெத், அதாவது ஏழாம் ஹென்றியின் பேத்தி. கையில் கிடைத்த வரலாற்று நூல்களிலிருந்து கூன், நொண்டல், சூம்பிய கை அனைத்தையும் எடுத்து ஒரே உடலில் வைத்தார் ஷேக்ஸ்பியர். உள்ளத்தின் கோணலுக்கு உடலின் கோணல் அடையாளம் என்று அக்கால மக்கள் நம்பினர். நாம் மட்டும் என்ன? இராமாயணக் கதையை நம் பள்ளி மேடைகளில் நடிக்கும்போது, மந்தரைக்குப் பெயரே 'கூனி' என்றாகிவிடுகிறது. அவள் சூழ்ச்சியைக் காட்டும் முன்பே முதுகைக் காட்டி விடுகிறோம்.

மேடையில் வளர்ந்த உடல்

இவ்வேடத்தை முதலில் ஏற்றவர் ரிச்சர்டு பர்பேஜ். 1700ஆம் ஆண்டளவில் காலி சிப்பர் என்பவர் நாடகத்தைச் சுருக்கித் திருத்தினார். அவருடைய திருத்தமே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையை ஆண்டது. 1741இல் டேவிட் கேரிக் இவ்வேடத்தில் நடித்து ஒரே இரவில் புகழ் பெற்றார். ஹோகார்த் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், கெட்ட கனவிலிருந்து விழித்தெழும் கேரிக்கின் விரிந்த கையும் அஞ்சிய கண்களுமே நம்மை ஈர்க்கின்றன, கூன் அல்ல.

நான் பின்பற்றிய ஒலிவியரோ நீண்ட ஒட்டுமூக்கு, கூன், நொண்டல் என எல்லாவற்றையும் அணிந்துகொண்டார். போர்க்காட்சியைப் படமாக்கும்போது வில்வீரர் ஒருவரின் அம்பு தவறி அவர் காலில் பாய்ந்தது. ஆகவே, படத்தில் அவர் நொண்டுவதில் ஒரு பகுதி உண்மையான வலி.

உடல்சார்ந்த வேடத்தை எப்படி ஆராய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு அன்டனி ஷெர். 1982இல் 'லியர் அரசன்' நாடகத்தில் நடித்தபோது அவருடைய குதிகால் தசைநார் அறுந்து, சில காலம் ஊன்றுகோல்களோடு வாழ நேர்ந்தது. 1984இல் ஸ்டிராட்ஃபோர்டில் ரிச்சர்டாக நடித்தபோது அந்த ஊன்றுகோல்களையே மேடைக்குக் கொண்டுவந்தார். நாடகத்தில் ரிச்சர்டைச் சிலந்தி என்று ஒரு பாத்திரம் வைகிறது. இரு கால்களோடும் இரு ஊன்றுகோல்களோடும் மேடையில் பாய்ந்த ஷெர் அச்சிலந்தியாகவே தெரிந்தார். ஒத்திகைக் காலத்தை அவர் நாட்குறிப்பாக எழுதி 1985இல் நூலாக வெளியிட்டார். உடற்குறை உள்ளோரைச் சந்தித்ததையும், மருத்துவச் செய்திகளைத் தேடியதையும், தன் உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் நடிக்க வழி தேடியதையும் தம் ஓவியங்களோடு அதில் பதிவு செய்திருக்கிறார். வேலியோரம் ஒளிந்து நின்று பார்த்த எனக்கும் அவருக்கும் உள்ள தூரம் அந்நூலைப் படித்தபோதுதான் புரிந்தது.

மண் சொன்ன உண்மை

2012 ஆகஸ்டில், லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தை லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் தோண்டினர். பழைய துறவி மடம் ஒன்று இருந்த இடம் அது. கொல்லப்பட்ட மன்னரை அங்குதான் புதைத்தனர். ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மன்னரின் தமக்கை ஆன் வழிவந்த வாரிசின் மரபணுவோடு ஒப்பிட்டு, 2013 பிப்ரவரி 4ஆம் நாள், அது மூன்றாம் ரிச்சர்டே என அறிவித்தனர். 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் அவர் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த முதுகெலும்பு என்ன சொன்னது? 2014இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டனர். அவருக்குக் கூன் இல்லை. கூன் என்பது முதுகு முன்னோக்கி வளைவது. ரிச்சர்டுக்கு இருந்தது பக்கவளைவு. ஆங்கில மருத்துவத்தில் ஸ்கோலியோசிஸ் என்பர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, திருகுபோல் சற்றுச் சுழன்றிருந்தது. வளைவின் கோணம் 65 முதல் 85 பாகை. நேராக இருந்திருந்தால் அவர் உயரம் ஏறத்தாழ 173 சென்டிமீட்டர். வளைவினால் அதைவிடக் குள்ளமாகத் தெரிந்திருப்பார். வலத்தோள் சற்று உயர்ந்திருக்கும். பல்லோடு பிறந்த கதையைப் புனைந்த ரௌஸ், தோள் விசயத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்!

கைகள் சூம்பவில்லை. கால் எலும்புகள் சீராக இருந்தன, நொண்டியதற்குச் சான்றில்லை. நல்ல தையற்காரரும் உடலுக்கேற்ற கவசமும் இருந்தால், இந்த வளைவு வெளியே பெரிதாகத் தெரிந்திருக்காது என்றனர் ஆய்வாளர்கள். ஏறத்தாழ அதே அளவு வளைவுள்ள இளைஞர் ஒருவர், கவசம் அணிந்து குதிரையேறிப் போரிட முடியும் என்பதை 2014இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் செய்தே காட்டினார்.

ரிச்சர்டு நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. அண்ணன் மகன்கள் இருவரும் அவர் ஆட்சியில் காணாமற்போனது வரலாறு. அவர் குற்றவாளியா என்பதற்கு அவருடைய முதுகு சாட்சி சொல்லாது என்பதே என் கருத்து.

நேராக நில்!

இன்னுமொரு செய்தி எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ரிச்சர்டின் வளைவு பிறவியில் வந்ததன்று. பத்து வயதுக்குப் பிறகே தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வு கூறியது.

பத்து வயதுக்கு மேல் என்றால் நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள். அப்பொழுது என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலைச் சபைகூடலில் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்பாள். பல மாதங்களாக, "நேராக நில்" என்று அவளை அதட்டி வந்தேன். அது அவளுடைய சோம்பல் என்றே எண்ணியிருந்தேன். 2013இல் நாளிதழில் அந்த எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்த அன்று, அவள் தோள்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. தாயாரை அழைத்துப் பேசினேன். "ஆமாங்க சார், யூனிபார்ம் ஒரு பக்கமா இறங்கிக்கிட்டே இருக்கு, தைக்கிறவங்க மேலதான் கோபப்பட்டேன்," என்றார். மருத்துவமனையில் பக்கவளைவு உறுதி செய்யப்பட்டது. வளரும் வயதிலேயே கண்டதால் இடுப்புப்பட்டை போன்ற கவசம் அணிவித்து வளைவு மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவாயில்ல சார்," என்றாள். உருவத்தைக் கண்டு இகழாதே என்ற வள்ளுவர் கருத்தைப் பல முறை கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

ஒத்திகை

பயிற்சி ஆசிரியர்களிடம் தலையணையை விட்டுவிடச் சொன்னேன். "ஆனால் ஐயா, நாடகத்தில் ரிச்சர்டே தன்னை நொண்டி என்றும் கோணல் என்றும் சொல்கிறானே?" என்று அவ்விளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. ஷேக்ஸ்பியரின் வரிகளை நாம் மாற்ற இயலாது. ஆயினும், தன் உடலைப் பற்றி ஒருவன் பேசுவது வேறு. ஊரார் அவனைப் பார்ப்பது வேறு. அந்த இடைவெளியில் நடித்துப் பார்க்கச் சொன்னேன்.

வலத்தோளை மட்டும் சற்று உயர்த்தி, மார்பை ஒரு பக்கம் திருப்பி, கால்களை நேராக வைத்து நடந்தார். சபைக் காட்சிகளில் நீண்ட அங்கி எல்லாவற்றையும் மறைக்கும். தனிமையில் பேசும்போது மட்டும் அங்கியைக் கழற்றுவார். ஆலோசனைச் சபையில், சூனியத்தால் கை சூம்பிவிட்டது என்று கையை நீட்டிக் காட்டும் இடத்தில், அவர் நீட்டியது நலமான ஒரு கையை. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் என்னை நடுங்க வைத்தது. அரசனின் உடலைக் காட்டிலும், அஞ்சித் தலையாட்டுவோரின் உடல்களே அக்காட்சியில் வளைந்திருந்தன.

பத்து நிமிடங்களுக்கு மேல் அப்படி நிற்க வேண்டாம் என்றும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்றும் கூறினேன். ஒரு வாரத்தில் அவர், "ஐயா, முதுகு வலிக்கிறது, இப்படியே வாழ்பவர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ?" என்றார். அவருடைய ஆராய்ச்சி அன்றுதான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றியது.

2022இல் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனம், பிறவியிலேயே கையில் குறைபாடுள்ள ஆர்தர் ஹியூஸ் என்ற நடிகருக்கு இவ்வேடத்தை அளித்தது. அந்நிறுவனத்தில் உடற்குறை உள்ள ஒருவர் ரிச்சர்டாக நடித்தது அதுவே முதன்முறை. நம் பள்ளி நாடகங்களிலும் இது நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அரசன் வேடம் கொடுத்தால் என்ன?

ஆசிரியர்களே, மேடையில் ஓர் உடலைப் போலச் செய்யும் முன், அவ்வுடலை உடையவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பத்து வயதைக் கடந்த உங்கள் பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நின்று, முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் அதட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் 2009இல் காலமானார். துக்கத்திற்குச் சென்றிருந்தேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அதற்கு முன்பே கேட்டிருக்கலாம். ஆறு ஆண்டுகள் இருந்தன, நான் கேட்கவில்லை.