பாதி வேகத்தின் பழைய கதை

விளாத்திகுளத்தில் நீளமான ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் அறையில் வைஃபை ரூட்டர். கடைசி அறையில் படிக்கிற பிள்ளை. நடுவில் மூன்று கனத்த சுவர்கள். சிக்னல் எட்டவில்லை என்று ஒரு எக்ஸ்டெண்டர் பெட்டி வாங்கி நடு அறையில் மாட்டுகிறார்கள். சிக்னல் கோடுகள் முழுசாக வந்துவிடுகின்றன, வேகம் மட்டும் பாதி! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு சண்டை வேறு. பாவம், அவர் மேல் தப்பில்லை. இது ஐம்பது வருஷத்துக்கும் மேலான கணக்கு.

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனின் குழு அலோஹாநெட் என்ற வலையை இயக்கிக் காட்டியது. ஆங்காங்கே இருந்த கணினி முனைகள் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியோடு ரேடியோவில் பேசின. அனுப்புவதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் வீண், மறுபடி அனுப்ப வேண்டும். அந்த முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. பிறகு வந்த வைஃபை, 'முதலில் கேள், அப்புறம் பேசு' என்று கொஞ்சம் நாகரிகம் கற்றுக்கொண்டது. ஆனால் பொது அலைவரிசையில் முறை வைத்துத்தான் பேச வேண்டும் என்பது பெரிதாக மாறவில்லை.

எக்ஸ்டெண்டர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு மிளகாய்க் குடோனில் மூட்டை சுமக்க ஒரே ஆள் என்று வையுங்கள். வண்டியிலிருந்து இறக்குவதும் அவர்தான், உள்ளே அடுக்குவதும் அவர்தான். இறக்கும்போது அடுக்க முடியாது. ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டரும் அப்படித்தான். ரூட்டரிடம் வாங்கும்போது லேப்டாப்புக்குக் கொடுக்க முடியாது. ஒரே தகவல் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, ஆகவே பாதி. இன்னொரு பெட்டியை அதற்குப் பின்னால் மாட்டினால் மூன்றில் ஒரு பங்குதான்.

சென்னை ஐஐடியில் 1973-ல் பட்டம் பெற்ற பி.ஆர்.குமார், பியூஷ் குப்தாவோடு சேர்ந்து 2000-ல் இந்தக் கணக்கைப் பொதுவாகவே நிறுவினார். ஒருவர் தகவலை ஒருவர் கைமாற்றிவிடும் கம்பியில்லா வலையில் ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துகொண்டே போகும். அதிகப் பெட்டி வாங்கினால் அதிக வேகம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வீட்டுக்குள் இது எரிச்சல், அவ்வளவுதான். தேனிப் பக்கம் இதே விஷயம் கண்பார்வை சம்பந்தப்பட்டதாக இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண் மங்கிய ஒரு கூலிக்காரருக்கு பஸ் செலவும் ஒருநாள் சம்பளமும் மிச்சம். ஆனால் வீடியோ திக்கித் திணறினால் எல்லாம் வீண்.

அந்த மையங்களை மருத்துவமனையோடு இணைத்தது சாதாரண வைஃபை கருவிகள்தான்! கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவரின் குழு அமைத்துக் கொடுத்தது. ஐந்து மையங்கள், 1 முதல் 15 கிலோமீட்டர் வரை இணைப்புகள், இடையில் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள். ஒரு ஆலையின் புகைபோக்கி மேல்கூட ஆன்டெனா உட்கார்ந்திருந்தது. இடைக்கோபுரம் என்பது ஒரு பெரிய எக்ஸ்டெண்டர்தானே? அப்படியானால் பாதி வேகமா?

அதைத் தவிர்க்க ஒவ்வொரு திசைக்கும் தனி ரேடியோ, தனி ஆன்டெனா. ஆனால் ஒரே கோபுரத்தில் ஒன்று கத்தினால் பக்கத்தில் இருப்பதற்குக் காது கேட்காது. கான்பூர் ஐஐடியின் பாஸ்கரன் ராமனும் கமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல் சொன்ன வழி எளிமையானது: கோபுரத்தில் உள்ள எல்லா ரேடியோவும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும், ஒரே நேரத்தில் கேட்கட்டும். பெர்க்லி குழு அந்த யோசனையை வளர்த்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கத்தையும் மாற்றியது. வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக 2007-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம் எழுதிய கட்டுரையில் இன்னொரு தலைவலி பெரிதாக வருகிறது. வேறென்ன, கரண்ட்!

இப்போது கடைகளில் விற்கும் விலை கூடிய மெஷ் பெட்டிகளில் சிலவற்றில், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே ஒரு தனி ரேடியோ உண்டு. தேனிக் கோபுரத்தில் இருந்த அதே உபாயம். விளாத்திகுளத்து வீட்டுக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். ரூட்டரிலிருந்து கடைசி அறைக்கு ஒரு லேன் ஒயரை இழுத்து, அந்தப் பெட்டியை அக்சஸ் பாயிண்டாக மாற்றி வைத்தால் காற்றில் ஒரே பயணம்தான். சுவரில் மூன்று துளை போட வீட்டில் சம்மதிக்க வேண்டும், அதுதான் கொஞ்சம் சிரமம்.