பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தவர்கள்

 



சென்ற மாதம் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் தம் மகனை அனுப்பி இரண்டு மஸ்அலாக்கள் கேட்டிருந்தார்கள். மழைக்கால இரவொன்றில் வாசற்படியில் வந்து ஒதுங்கிய தெருப்பூனை ஒன்றை அவர்கள் ஐந்து ஆண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். அண்மையில் அது மெலிந்துபோய், ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிறுநீரகங்கள் பழுதடைந்து வருகின்றன, இது குணமாகும் நோயன்று, உயிருள்ளவரை பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் என்று சொல்லிவிட்டார். முதல் கேள்வி, உளூச் செய்ய வைத்த வாளியில் அது வாய் வைத்துவிடுகிறது, அந்தத் தண்ணீர் ஆகுமா என்பது. இரண்டாவது, அவர்களுடைய மாமியார் சொன்ன யோசனையைப் பற்றியது. மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை. தெருவிலிருந்து வந்ததைத் தெருவிலேயே, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் குற்றமா?

முதல் கேள்விக்கு விடை நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் கப்ஷா அவர்கள் உளூவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது எட்டிக் குடிப்பதற்குத் தோதாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். திர்மிதீ, அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களிலும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் இச்செய்தி உள்ளது. சுற்றி வருபவர்கள் என்னும் இதே சொல்லைத்தான் திருக்குர்ஆன் அந்நூர் அத்தியாயத்தில், வீட்டில் உள்ளே வெளியே போய்வந்து கொண்டிருக்கும் பணியாளர்களையும் சிறு பிள்ளைகளையும் குறித்துச் சொல்லும்போது ஆள்கிறது. பூனைக்கு வீட்டில் எந்த இடம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது.

மருத்துவர் சொல்வதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த பூனையால் உடலின் நீரைத் தேக்கி வைக்க இயலாது. குடிப்பதெல்லாம் சிறுநீராகப் போய்விடும். அதனால்தான் அதற்கு அத்தனை தாகம். வாளியை மூடி வைப்பது தவறன்று. ஆனால் பக்கத்திலேயே அதற்கென ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பூனையின் வாய்தான் சுத்தம். அதன் சிறுநீர் நஜீஸ்தான். தொழுமிடத்தில் பட்டால் கழுவியே ஆகவேண்டும்.

இனி, கனமான கேள்விக்கு வருவோம்.

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி அது. அறிவித்தவர்களுள் அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர். தம் வீட்டாரின் ஆடுகளை மேய்த்துவந்த காலத்தில் அவர்கள் ஒரு சிறு பூனையை வைத்திருந்தார்கள். இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவைத்து, பகலில் தம்முடன் கொண்டுபோய் விளையாடுவார்கள். அதனாலேயே அவர்களுக்கு அப்பெயர் வந்தது என்கிறது திர்மிதீயின் அறிவிப்பு. அப்படிப்பட்டவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தியில், அப்பெண் மீது சொல்லப்படும் குற்றம் இரண்டு பகுதிகளாக இருப்பதைக் கவனியுங்கள். அவள் அதற்கு உணவு தரவுமில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்ன அதை விடவுமில்லை.

“நாங்கள்தான் விட்டுவிடப் போகிறோமே, கட்டி வைக்கவில்லையே!” என்று அந்த மாமியார் கேட்பார்கள். நல்ல திடமான பூனையாயின் அது பொருந்தும். இதுவோ ஐந்து ஆண்டுகள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தது. இப்போது தாவவும் வலுவில்லை. மார்க்கெட்டில் மற்றப் பூனைகளோடு போட்டியிட்டு ஒரு மீன் துண்டைக்கூட இதனால் எடுக்க முடியாது. கயிறு இல்லையே தவிர, நோயே அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. இதைக் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் விடுதலையன்று.

நம் முன்னோரில் ஒருவருக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரு பூனையே. எகிப்தில் ஃபாத்திமிய்யா ஆட்சியில் இப்னு பாபஷாத் என்னும் இலக்கண அறிஞர் இருந்தார்கள். அரசுக் கடிதங்கள் அவர்கள் பிழை பார்த்துத் திருத்திய பிறகே வெளியே போகும். அதற்கு ஊதியமும் உண்டு. ஒருநாள் பள்ளிவாசலின் மேல்தளத்தில் நண்பர்களோடு உண்டுகொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. ஒரு கவளம் போட்டார்கள். அது தின்னாமல் கவ்விக்கொண்டு போய்விட்டு, மீண்டும் வந்து நின்றது. இப்படியே பலமுறை. வியப்புற்றுப் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், பாழடைந்த ஓரிடத்தில் கண் தெரியாத வேறொரு பூனை இருந்தது. கொண்டுவந்த கவளங்கள் எல்லாம் அதற்குத்தான். இதைக் கண்ட அறிஞர், இந்தக் குருட்டுப் பூனைக்கே உணவை ஏற்பாடு செய்பவன் என்னைக் கைவிடுவானா என்று எண்ணி, பதவியை விட்டு விலகிப் பள்ளிவாசலில் தங்கிவிட்டார்கள். ஹிஜ்ரி 469இல் (கி.பி. 1077) வஃபாத்தானார்கள். இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் தம் வரலாற்று நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்கள். பதவி துறந்ததைத்தான் பலரும் எடுத்துப் பேசுவார்கள். எனக்கோ அந்தக் கவளம் கவ்விய பூனையின் மீதே கண் போகிறது.

அடுத்த நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்தவர்கள் செய்யிது அஹ்மது ரிஃபாயீ (ரஹ்) அவர்கள் (வஃபாத்து ஹிஜ்ரி 578, கி.பி. 1182). ரிஃபாயீ ராத்திபின் மூலம் நம் ஊர்களில் அறிமுகமான அதே பெரியார்தான். சொறி பிடித்து, ஊரார் அருவருத்துத் துரத்திய ஒரு நாயை அவர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய், நிழற்பந்தல் அமைத்து, எண்ணெய் தடவி, உணவும் நீரும் கொடுத்துப் பல நாள் பராமரித்தார்கள். குணமானதும் வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். அவர்கள் ஷாஃபியீ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நாயின் ஈரம் பட்டால் ஒருமுறை மண் கலந்து ஏழு முறை கழுவ வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்குத் தெரியாததன்று. கழுவிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். தம் சட்டைக் கையின் மேல் உறங்கிய பூனையை எழுப்பாமல், தொழுகைக்காகக் கையைக் கத்தரித்துக்கொண்டு எழுந்ததும் இவர்களே. இந்நிகழ்ச்சியை நபி (ஸல்) அவர்களுடையதாகச் சிலர் மேடைகளில் சொல்கிறார்கள். ஹதீஸ் கிதாபுகளில் அதற்கு ஆதாரமில்லை. பேசுவோர் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் பெரியார்களின் தனிப்பட்ட இரக்கம், நம்மைப் போன்றோர் மீது கடமையாகுமா என்று கேட்கலாம். இங்கேதான் ‘சுல்தானுல் உலமா’ இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் (வஃபாத்து ஹிஜ்ரி 660, கி.பி. 1262) வருகிறார்கள். கவாயிதுல் அஹ்காம் என்னும் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றுள் முதலாவது, அதற்குரிய தீனிக்குச் செலவு செய்வது. இனிப் பயன் தராது என்னும் அளவுக்கு அது நோயுற்றாலும், தீராத முடக்கத்திற்கு ஆளானாலும் அச்செலவு நிற்காது. தீராத முடக்கத்திற்கு அவர்கள் ஆளும் அரபுச் சொல், காலம் என்று பொருள்படும் ‘ஸமான்’ என்பதன் வேரிலிருந்து வந்தது. காலத்தோடு நீடிக்கும் நோய். மருத்துவர் அந்தப் பையனிடம் சொன்னதும் இதைத்தானே! ஓதிய காலத்தில் இந்த வரியை நான் ஒட்டகத்திற்கும் மாட்டுக்கும் உரியதாக நினைத்துக் கடந்துபோனேன்.

அப்பெருந்தகையின் இறுதிக் காலத்தில் எகிப்தின் சுல்தானாக இருந்தவர் பைபர்ஸ். கெய்ரோவுக்கு வடக்கே, தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக அவர் எழுதிவைத்தார். அதன் பெயரே பூனைத் தோட்டம். ஆனால் 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர் எழுதுவது வேதனை தருகிறது. தோட்டம் பலமுறை கைமாறிப் பாழாகி, ஆண்டுக்கு 15 பியாஸ்டர் மட்டும் பெயரளவுக்கு வந்துகொண்டிருந்தது. வக்ஃபு தேய்வது நமக்கும் புதிய செய்தியன்று. ஆயினும் பூனைகள் பட்டினி கிடக்கவில்லை. அஸருடைய நேரத்தில் நீதிமன்ற முற்றத்திற்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும். பூனைகளை அழைத்து உண்ணக் கொடுப்பார்கள். அதன் செலவில் பெரும்பகுதியைக் காழியே ஏற்றுவந்தார்.

அந்தத் தாயாருக்கு நான் சொல்லியனுப்பியது இவ்வளவே. சக்திக்கு மேல் கடன்பட்டு வைத்தியம் செய்ய மார்க்கம் கேட்கவில்லை. தண்ணீர், மருத்துவர் சொன்ன உணவு, முடிந்த மருந்து. இயலாவிட்டால், நோயை மறைக்காமல் சொல்லி, ஏற்றுப் பராமரிப்பவரிடம் ஒப்படைக்கலாம், மார்க்கெட்டில் விடக்கூடாது. ஜகாத்தை இதற்குக் கொடுக்க முடியாது, ஸதகாவைக் கொடுக்கலாம். கைவைத்தியமாக நம் வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

சென்ற வாரம் அந்தப் பையன் மீண்டும் வந்தான். மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறார்களாம். அப்போது பூனையை மடியில் பிடித்துக்கொள்பவர்கள் அவனுடைய பாட்டியார்தானாம். வாளி பற்றிய மஸ்அலாவை மட்டும் அவர்கள் இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை. தம் உளூத் தண்ணீரைத் தட்டுப் போட்டு மூடியே வைக்கிறார்களாம்.