கைமாறி வந்த சஞ்சிகை

1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை வந்தது. சலூன் தொழிலாளியான அவரே அதைச் சுமந்து, தெருவிலும் கூட்டங்களிலும் கையால் விற்றார். 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் உள்ளூர் இதழ்களுக்குக் கைகொடுத்தது. அவருக்கு முதுமை வந்த வேளையில்தான் கைத்தொலைபேசியும் வந்து வாசகரைக் கொண்டு போச்சு.

ஆனாலும் இணையத்தை மட்டும் பழி சொல்ல ஏலாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில்தான் இன்று என் மாணவருக்குப் பழைய மல்லிகையைக் காட்டுகிறேன். நோட்டன் பிரிட்ஜ் மழைக்கும் ஈரத்துக்கும் கடதாசி தாங்காது, பூஞ்சணம் பிடிச்சிடும். 1882இல் சித்திலெப்பை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ முதல் வந்த நம் இதழ்களில் எத்தனை இன்னும் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றனவோ! மௌத்தானவரின் கடதாசிக் கட்டை எடைக்குப் போடுமுன் ஒருதரம் பிரிச்சுப் பாருங்கள்.